மாலையானால் இறுகும் மெட்டி

கேள்வி: காசிமேட்டில் மீன் விற்கிறேன், வயது 54. விடியற்காலை ஏலத்துக்குப் போனால் பகல் முழுவதும் பலகையில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பேன். மாலையில் இரண்டு கால்களும் வீங்கி, மெட்டி விரலை இறுக்குகிறது. நான்கு மாதமாக இரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் சாப்பிடுகிறேன். பக்கத்துக் கடை அக்கா கொடுத்த நீர் மாத்திரையிலும் வீக்கம் வடியவில்லை. சிறுநீரகம் கெட்டுவிட்டதோ?
– வாசகி, ராயபுரம்

பதில்: அந்த முடிவுக்கு இப்போதே வர வேண்டாம், அம்மா. கால் இரத்தத்தை மேலே தள்ளுவதில் கெண்டைக்கால் தசைக்குப் பெரும்பங்கு உண்டு. நடந்தால்தான் அது வேலை செய்யும் என்பதால், மணிக்கணக்கில் தொங்கவிட்ட காலில் நீர் தேங்குகிறது. கணுக்காலுக்கு மேல் எலும்பின் மீது கட்டைவிரலால் சில விநாடிகள் அழுத்தி எடுங்கள்; பிசைந்த மாவில் பதிந்ததுபோல் குழி நின்றால் அது நீர் வீக்கம்.

எனக்கு முதல் சந்தேகம் உங்கள் மாத்திரையின் மீதுதான். ஆம்லோடிபின் நுண்ணிய தமனிகளை விரிப்பதால் சிலருக்குக் கணுக்காலில் நீர் கசிந்து வீங்குவதுண்டு. உடலில் நீர் கூடியதால் வருவதன்று என்பதால், நீர் மாத்திரை அதற்கு அவ்வளவாகப் பயன்படாது. அக்கா நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார். ஆனால் அது சோடியம், பொட்டாசியம் அளவைக் குலைத்துவிடக்கூடும் என்பதால் உடனே நிறுத்துங்கள். ஆம்லோடிபினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாறுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அப்போதே சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருள்), ஈ.சி.ஜி. ஆகியவற்றையும் பார்த்துவிட்டால் உங்கள் அச்சத்துக்கும் விடை கிடைக்கும். அருகிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம்.

அதுவரை, பலகைக்கு முன் ஒரு காலி மீன்பெட்டியைக் கவிழ்த்துப் பாதங்களை அதன்மேல் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். இரவில் தலையணைகளை அடுக்கி, கால்களை நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்திப் படுங்கள். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். மீன்காரர் வீட்டில் கருவாட்டை விடச் சொல்வது எனக்கே சங்கடம்தான், ஆனாலும் சில வாரங்கள் விட்டுப் பாருங்கள்.

ஒரே கால் திடீரென வீங்கி வலித்தால் நரம்புச்சுளுக்கு என்று உருவிவிடாமல், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காலுக்குள் ஆழத்தில் ஓடும் இரத்தக்குழாயான ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அதனுடன் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108-ஐ அழையுங்கள்.