கீழாநெல்லிச் சாறு ஈஸ்ட்டைக் காப்பாற்றினால் கல்லீரலையும் காப்பாற்றுமா?

நீங்கள் முதுகலை மாணவர் என்று நினைக்கிறேன். செல்களைச் சிதைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றியும் கீழாநெல்லிச் சாறு கலந்த ஈஸ்ட் பிழைத்துக்கொண்டது, இதை வைத்துக் கல்லீரலுக்கு நல்லது என்று ஆய்வேட்டில் எழுதலாமா என்று கேட்கிறீர்கள். எழுதாதீர்கள். அதே வரியை எழுதிப் பட்டம் வாங்கியவள் நான்.

நாட்டு மருந்துக் கடைக் கட்டில் மேலாநெல்லியும் கலந்து வரும் என்பதால், வரப்பில் நானே செடி பிடுங்கினேன். இலைக்கு அடியில் காய்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு காம்பையும் திருப்பிப் பார்த்துத்தான் எடுத்தேன். பச்சையாக அரைத்து, வடிகட்டி, ஈஸ்ட் இருந்த குழாயில் ஊற்றி, அரை மணி கழித்துப் பெராக்சைடு சேர்த்தேன். பிறகு பிழைத்த ஈஸ்ட் வளர்வதற்காகத் தட்டுகளில் பரப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், சாறு இல்லாத தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காலனிகள், அதாவது ஈஸ்ட் வளர்ந்த புள்ளிகள்; சாறு சேர்த்த தட்டில் எண்ண முடியாத அளவு. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து, மீதமிருந்த சாற்றில் பாட்டில் பெராக்சைடு ஒரு சொட்டு விழுந்தது. குழாயின் வாய்வரை நுரை பொங்கியது. அந்தக் குழாயில் ஈஸ்ட்டே இல்லை. பச்சை இலையில் இருக்கும் கேட்டலேஸ் நொதியே பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துக்கொண்டிருந்தது. என் ஈஸ்ட் எதையும் தாங்கவில்லை. அதைத் தாக்க வேண்டியது அதனிடம் போய்ச் சேரவே இல்லை.

அடுத்த முறை செல்களைச் சாற்றில் ஊறவைத்து, செல்களை அடியில் படியவைக்கும் சென்ட்ரிஃபியூஜ் கருவியில் சுற்றி, இரண்டு தடவை கழுவிய பிறகே பெராக்சைடு கொடுத்தேன். இரண்டு தட்டுகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வழிகாட்டியிடம் காட்டினேன். நேரம் இல்லை, முதல் சோதனையின் படத்தையே ஆய்வேட்டில் போடு என்றார். போட்டேன். இன்றுவரை உறுத்துகிறது.

சித்த மருத்துவத்தைக் குறை சொல்கிறேன் என்று சிலர் வருவார்கள். மஞ்சள் காமாலை வந்தபோது அம்மாயி கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்ததைக் குடித்தவள் நான். ஈஸ்ட்டையும் இளப்பமாகச் சொல்லவில்லை. 1996இல் முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்ட முதல் உட்கருவுள்ள உயிர் அது. செல்லுக்குள் நடப்பதை அதனிடம் நிறையக் கற்கலாம். ஆனால் அதற்குக் குடல் இல்லை, கல்லீரல் இல்லை. மனிதர்களிடமே கணக்குத் தப்பியிருக்கிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. செல்களை ஆக்சிஜனேற்றச் சிதைவிலிருந்து காக்கும் பொருள் என்று நம்பிக் கொடுத்த பீட்டா கரோட்டினைச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியிருந்தது.

இந்தச் சோதனைகளைத் திரும்பச் செய்ய நேரம் எங்கே, பணம் எங்கே என்று நீங்கள் கேட்டால் அதுவும் நியாயம். பிறகு நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த இடத்தில் உதவித்தொகை ஏழு மாதம் வரவில்லை. ஈஸ்ட் வளர்க்கும் தட்டுக்கான அகார் பொடியைக் கைக்காசில் வாங்கினேன், விடுதிக் கட்டணத்துக்கு அம்மாவின் வளையலை அடகு வைத்தோம். அலுவலகத்தில் கேட்டால் கோப்பு மேசையில் இருக்கிறது என்பார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

உங்கள் வேலைக்கு வருகிறேன். கேட்டலேஸ் செயலிழக்கும்படி சாற்றைக் கொதிக்க வைத்து ஒரு முறை, செல்களைக் கழுவி ஒரு முறை செய்யுங்கள். எல்லாக் குழாய்களிலும் ஈஸ்ட் ஒரே வளர்ச்சிப் பருவத்தில் இருக்கட்டும். வளர்ந்து ஓய்ந்த ஈஸ்ட் இயல்பாகவே பெராக்சைடை அதிகம் தாங்கும். கழுவிய பிறகும் பாதுகாப்பு மிஞ்சினால் அதுதான் சுவையான இடம். செடிகளில் இருக்கும் பாலிஃபீனால் என்ற வேதிப்பொருள்கள் சில, ஈஸ்ட் வளரும் கரைசலில் தாமே கொஞ்சம் பெராக்சைடை உண்டாக்கும். அந்தச் சிறு அடியில் யாப்1 என்ற புரதம் உட்கருவுக்குள் போய்த் தற்காப்பு மரபணுக்களை முடுக்கிவிட, செல் அடுத்த பெரிய அடிக்குத் தயாராகிவிடும். யாப்1 மரபணுவை நீக்கிய ஈஸ்ட் வகை கிடைத்தால் அதிலும் செய்து பாருங்கள். அது பெராக்சைடுக்குச் சீக்கிரம் செத்துப்போகும், அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.