மினிமம் டியூ கட்டி வளர்க்கும் கடன்

கேள்வி: பெரம்பூரில் அம்மாவுடன் வாடகை வீட்டில் இருக்கிறேன். வயது 43. தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை. பிடித்தம் போகக் கைக்கு வருவது 54,000 ரூபாய். வீட்டில் 12 வயதுப் பாமரேனியன் நாய், 13 வயதுப் பூனை, இரண்டேகால் வயதான இரண்டு பெண் வெள்ளை எலிகள். எலிகள் அண்ணன் மகள் வாங்கியவை. அவள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதும் என்னிடம் வந்துவிட்டன. ஒன்றரை வருடத்துக்கு முன் நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் வைத்து ராத்திரியோடு ராத்திரியாக ஆபரேஷன். 62,000 ரூபாயை கிரெடிட் கார்டில் கட்டினேன். அதன்பின் பூனைக்கு சிறுநீரக மருந்து, எலிக்கு 9,000 ரூபாயில் கட்டி ஆபரேஷன், எல்லோருக்கும் சாப்பாடு என்று மாதம் சராசரியாக 7,000 அதே கார்டில்தான். பில்லில் கட்டாயம் கட்டச் சொல்லும் குறைந்தபட்சத் தொகையை, அதாவது மினிமம் டியூவை, ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. ஆனாலும் பாக்கி 1,73,000 ரூபாயில் நிற்கிறது. இ.எம்.ஐ.யாக மாற்றித் தருகிறோம் என்று வங்கியிலிருந்து போன் வருகிறது. செல்லப்பிராணி இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்லி ஒரு ஏஜென்ட் துரத்துகிறார். அவசரத்துக்கு என்று 2 லட்சம் எஃப்.டி. இருக்கிறது, அதைத் தொடவில்லை. மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்.ஐ.பி.க்கு 5,000 போகிறது. இந்தக் கடன் அண்ணனுக்குத் தெரியாது. எலிக்கு 9,000 செலவழித்தேன் என்று தெரிந்தால் பெரிய சண்டையே வரும். என்ன செய்வது?

பதில்: எலிக்கு ஆபரேஷன் செய்தது சரியா தப்பா என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்கள் பணம், உங்கள் வீட்டு உயிர். சிலர் அதே 9,000 ரூபாயை ஒரு செல்போனின் உடைந்த திரைக்குக் கொடுக்கிறார்கள், யாரும் சண்டைக்குப் போவதில்லை. என் கவலை வேறு. கடிதம் முழுவதிலும் நீங்கள் பெருமையாகச் சொல்லும் ஒரே விஷயம், மினிமம் டியூ தவறியதில்லை என்பது. உங்களைக் கடனில் தள்ளியதே அதுதான்.

நீங்கள் கணக்கு வேலை பார்ப்பவர், அதனால் தோராயமாகவே போடுகிறேன். கார்டு வட்டி மாதம் 3.6 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம், பெரும்பாலான கார்டுகளில் அந்த வட்டாரத்தில்தான் இருக்கும். வட்டிக்கு மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. சேர்ந்தால் ஏறக்குறைய 4.25. ஆண்டுக்கு 51 சதவிகிதம். உங்கள் 1,73,000 பாக்கிக்கு ஒரு மாத வட்டியும் வரியும் சுமார் 7,350 ரூபாய். மினிமம் டியூ 5 சதவிகிதம் என்றால் 8,650. ஆக, அசலில் கழிவது 1,300 ரூபாய். அதே மாதம் அதே கார்டில் புதிதாக 7,000 ஏற்றுகிறீர்கள். மாதாமாதம் கடன் 5,700 ரூபாய் வளர்கிறது.

ஒன்றரை வருடத்தை மொத்தமாகப் பாருங்கள். பிராணிகளுக்கு உண்மையில் செலவானது 62,000, அதோடு 18 மாதத்துக்கு 1,26,000. கூட்டினால் 1,88,000. இதுவரை நீங்கள் கார்டுக்குக் கட்டியிருப்பது, என் கணக்கில், 1,06,000 சொச்சம். இன்னும் பாக்கி 1,73,000. நடுவில் காணாமல் போன 91,000 ரூபாய் வட்டியும் வரியும். நாய், பூனை, இரண்டு எலிகள் எல்லாம் சேர்ந்து வாங்கிய செலவில் பாதியை ஐந்தாவது ஒரு பிராணி சாப்பிட்டிருக்கிறது.

இன்னொன்றையும் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. கார்டில் 45, 50 நாள் வட்டியில்லை என்பது முழுப் பாக்கியையும் கட்டுகிறவர்களுக்குத்தான். பாக்கி வைத்துவிட்டால் அன்று வாங்கும் பூனை மருந்துக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. யாராவது இந்த வட்டிக்கு வரம்பு போடுவார்கள் என்றும் காத்திருக்க வேண்டாம். 30 சதவிகிதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னதை, உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது.

சரி, வீட்டில் 2 லட்சம் இருக்கும்போது ஏன் கார்டு? அவசரத்துக்கு என்று எடுத்து வைத்தீர்கள். ராத்திரி நேரத்தில் நாய் சாகக் கிடந்ததைவிட அவசரம் எது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். எஃப்.டி.யை எடுத்தால் அம்மாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரிந்தால் அண்ணனுக்குத் தெரியும். கார்டைத் தேய்த்தால் யாருக்கும் தெரியாது. அண்ணனின் ஒரு நக்கலைத் தவிர்க்க 91,000 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். இன்றைக்கு ராத்திரியே அம்மாவிடம் முழுத் தொகையைச் சொல்லிவிடுங்கள். அண்ணனிடம் சொல்வது உங்கள் இஷ்டம். ஆனால் எலிகள் அவர் மகளுடையவை, எனவே மாதம் 1,000 கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கொடுத்தால் நல்லது. கீழே வரும் கணக்கில் அதை நான் சேர்க்கவில்லை, நீங்களும் நம்பி இருக்காதீர்கள்.

செய்ய வேண்டியது இது. எஃப்.டி.யை உடைக்காமல், அதன் மேல் கடன் வாங்குங்கள். ஓவர்டிராஃப்டாகக் கேளுங்கள். பொதுவாக 90 சதவிகிதம் வரை, அதாவது 1,80,000 கிடைக்கும். எஃப்.டி.க்குத் தரும் வட்டியைவிட ஒன்று, ஒன்றரை, இரண்டு சதவிகிதம்தான் கூடுதலாக வாங்குவார்கள். எட்டரை என்று வைத்தால் 1,73,000-க்கு முதல் மாத வட்டி 1,225 ரூபாய். இப்போது கொடுப்பது 7,350. எஃப்.டி.யை உடைத்தாலே முடிந்ததே என்று கேட்கலாம், கணக்கில் அதுவும் ஏறக்குறைய அதே இடத்துக்குத்தான் வரும். ஆனால் உடைத்தால் திருப்பிச் சேர்க்க உங்களைக் கட்டாயப்படுத்த யாரும் இல்லை. ஓவர்டிராஃப்டில் எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி, கட்டிய அளவுக்கு மறுபடி எடுக்கவும் முடியும். அடுத்த ராத்திரி அவசரத்துக்குக் கார்டுக்குப் பதில் அது இருக்கும்.

எஸ்.ஐ.பி.யை நிறுத்துங்கள். 12 சதவிகிதம் வரலாம் என்ற நம்பிக்கையில் 5,000 போட்டுக்கொண்டே, 51 சதவிகிதத்தை நிச்சயமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். முறைப்படி ரத்து செய்யுங்கள், கணக்கில் பணம் வைக்காமல் திரும்ப விட்டால் வங்கி அதற்கும் கட்டணம் போடும். ஏற்கெனவே சேர்ந்த யூனிட்டுகள் அப்படியே இருக்கட்டும்.

இப்போது உங்கள் சம்பளத்திலிருந்து போவது கார்டுக்கு 8,650, எஸ்.ஐ.பி.க்கு 5,000, ஆக 13,650. இனிமேலும் அதே 13,650 போதும். 8,650 ஓவர்டிராஃப்டுக்கு, 5,000 பிராணிகளுக்குக் கையிலிருந்து. சுமார் 22 மாதத்தில் கடன் முடியும். கார்டைக் கத்தரிக்க வேண்டாம், ஆனால் ஆன்லைன் கடைகளிலும் கிளினிக் பில்லிலும் பதிந்து வைத்திருக்கும் எண்ணை எடுத்துவிடுங்கள்.

7,000-ஐ 5,000-ஆகக் குறைப்பதுதான் உங்களுக்கு உறுத்தும். மருந்தில் கை வைக்காதீர்கள். காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று வீட்டில் கிடக்கும் பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், பூனைக்கு அது விஷம். கை வைக்க வேண்டியது பாக்கெட் சாமான்களில். வயதான எலிக்குப் பின்னங்கால்கள் தளர்ந்துபோகும்; ஏறி இறங்கும் மாடிக் கூண்டும் தொங்கும் பொம்மைகளும் அதற்குத் தேவையில்லை. தட்டையான ஒரே தளம், தாழ்வான தண்ணீர்ப் பாட்டில், ஊறவைத்துக் குழைத்த தீனி, வேகவைத்த பூசணி போதும். கூண்டில் போட வாங்கும் பைன் மரத்தூளை நிறுத்துங்கள். எலிகளுக்கு நுரையீரல்தான் பலவீனமான இடம், அந்தத் தூளின் நெடி அதைக் கெடுக்கும். அம்மாவின் பழைய பருத்திப் புடவையைக் கிழித்துப் போட்டு, தினம் அலசினால் செலவு சோப்போடு சரி. நாய்க்கு வாங்கும் மூட்டு பவுடர், விசேஷ பிஸ்கட் இவற்றில் எது டாக்டர் எழுதியது, எது கடைக்காரர் சொன்னது என்று பிரித்துப் பாருங்கள். இரண்டாவது வகையை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வழக்கமான பரிசோதனைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தான். அரைநாள் வரிசையில் போகும், ஆனால் தனியார் கிளினிக் பில்லோடு ஒப்பிட முடியாத கட்டணம். எலியைக் கொண்டுபோகும் முன் எந்தப் பிரிவில், எந்த நாளில் பார்ப்பார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள், எல்லா டாக்டர்களுக்கும் எலி வைத்தியம் பழக்கம் இருக்காது. நாய்க்கும் பூனைக்கும் மாநகராட்சி உரிமம் எடுத்திருக்கிறீர்களா? கட்டணம் 50 ரூபாய்தான், இல்லாவிட்டால் அபராதம் ஆயிரக்கணக்கில். அதில் சிக்கனம் பிடிக்க வேண்டாம். கத்திரி வெயிலில் எல்லோரையும் ஒரே ஏ.சி. அறையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாத மின் உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குகளுக்கான சலுகையும் சேர்ந்து போய்விடும்.

இனி சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது. வளர்ப்பு எலியின் ஆயுள் இரண்டிலிருந்து மூன்று வருடம். உங்களுடையவை அந்த எல்லைக்குள் வந்துவிட்டன. பெண் எலிகளுக்கு மார்பகக் கட்டி மிகவும் சகஜம், ஒன்றை எடுத்தால் வேறிடத்தில் இன்னொன்று வரும் வாய்ப்பும் அதிகம். இரண்டேகால் வயதில் இன்னொரு முறை மயக்க மருந்து கொடுத்து அறுக்கலாமா, வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது போதுமா என்பதை ஒரு பகல் நேரத்தில், நிதானமாக, டாக்டரிடம் இப்போதே பேசிவிடுங்கள். நாய்க்கும் அப்படியே. பாமரேனியன் நன்றாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் சில வருடம் இருக்கும், ஆகவே அந்தச் செலவு அடுத்த வருடமே நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். எது வந்தால் எவ்வளவு வரை போவோம் என்று ஒரு தொகையை எழுதி வையுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு, கையெழுத்துப் போடுங்கள் என்று பேப்பரை நீட்டும்போது எடுக்கும் முடிவுதான் 62,000 ஆகிறது. அங்கேயும் மதிப்பீட்டை எழுத்தில் கேட்கலாம். கேட்டால் யாரும் உங்களைப் பாசமில்லாதவள் என்று நினைக்க மாட்டார்கள்.

ஒரு எலி முதலில் போகும். மிஞ்சியது தனியாகத் துவண்டு கிடப்பதைப் பார்த்ததும் துணைக்கு ஒரு குட்டி வாங்கத் தோன்றும், கடைக்காரரும் அதைத்தான் சொல்வார். அந்தக் குட்டி வளர்ந்து தனியாகும்போது இன்னொன்று. இந்தச் சங்கிலிக்கு முடிவே கிடையாது. ஓவர்டிராஃப்ட் கடனைக் கட்டி முடிக்கும் வரை புதிதாக எந்த உயிரையும் வீட்டுக்குள் சேர்க்காதீர்கள். மிஞ்சிய எலியைச் சாயங்காலம் மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

இன்ஷூரன்ஸ் ஏஜென்டுக்குப் பதில் சொல்லிவிடலாம். நாய் பாலிசிகளில் சேரும் வயதுக்கு வரம்பு உண்டு, 12 வயது நாய்க்குப் புதிதாகத் தருவது அரிது. பூனையின் சிறுநீரகம் போல ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் வராது. எலிக்கு பாலிசி தரும் கம்பெனியை நான் பார்த்ததில்லை. அவர் உங்களுக்கு எதை விற்கப் பார்க்கிறார் என்பது எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. வங்கி சொல்லும் இ.எம்.ஐ. மாற்றம் 51 சதவிகிதத்தைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான். 16, 18 சதவிகித வட்டி, பிராசஸிங் கட்டணம், அதன் மேல் ஜி.எஸ்.டி. எட்டரைக்குக் கிடைக்கும்போது அது எதற்கு? தவிர, இ.எம்.ஐ. கட்டக் கட்டக் கார்டில் லிமிட் திரும்பத் திறக்கும், நீங்கள் திரும்பத் தேய்ப்பீர்கள். ஐந்து நிமிடத்தில் கடன் தரும் ஆப்களின் பக்கமே போக வேண்டாம்.

ஓவர்டிராஃப்ட் கைக்கு வந்த அன்றே கார்டு பாக்கி முழுவதையும் கட்டுங்கள், கட்டும் முன் கஸ்டமர் கேரில் அன்றைய தேதி வரையிலான தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் அடுத்த ஸ்டேட்மென்டில் கொஞ்சம் வட்டி வந்து நிற்கும். முந்தைய ஸ்டேட்மென்ட் தேதிக்கும் நீங்கள் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அது. அதற்கும் ஒரு மினிமம் டியூ போட்டிருப்பார்கள். அந்தக் கட்டத்தைப் பார்க்காமல் முழுத் தொகையைக் கட்டிவிடுங்கள்.