கணிதத்தில் அபாரத் திறமை உள்ள பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது?

சொல்லித்தராத வழியைத் தானே தேடிப் பிடிப்பதுதான் கணிதத் திறமை. 1 முதல் 20 வரை கூட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் வரிசையாகக் கூட்டுவார்கள். ஒரு பிள்ளை மட்டும் சற்று யோசித்து, "1-உம் 20-உம் 21, 2-உம் 19-உம் 21... இப்படிப் பத்து ஜோடி, 210" என்று சொல்லும். அதைத்தான் கவனிக்க வேண்டும்.

பஸ் நம்பரை மனப்பாடம் செய்தவர், அந்த பஸ் வராவிட்டால் ஸ்டாப்பிலேயே நிற்பார். ஊரின் தெருக்கள் தெரிந்தவர் நடந்தே போய்ச் சேர்வார். வழக்கமான பரீட்சை பஸ் நம்பரைத்தான் கேட்கிறது. அதனால் இந்தப் பிள்ளைகள் கண்ணில் படுவதில்லை.

ஹங்கேரியில் 1894-இல் டானியல் அரனி என்ற ஆசிரியர் பள்ளி மாணவர்களுக்கென்றே ஒரு கணித இதழ் தொடங்கினார். மாதாமாதம் புதுக் கணக்குகள் வரும். பிள்ளைகள் தபாலில் விடை அனுப்புவார்கள், நல்ல விடை பெயரோடு அச்சாகும். (பெயரை அச்சில் பார்ப்பதைவிட வேறென்ன பரிசு வேண்டும்?) பின்னாளில் உலகப் புகழ் பெற்ற கணித அறிஞர் பால் ஏர்டிஷ் அப்படி விடை எழுதிய பையன்தான். வளர்ப்பது என்றால் இதுதான்: நல்ல கணக்கு, யோசிக்க நாள்கணக்கில் அவகாசம், விடையைப் படித்துப் பார்க்க ஒரு ஆள்.

மின்னல் வேகத்தில் பெருக்கிச் சொல்கிற பிள்ளைதான் கணித மேதை என்று பலர் நினைக்கிறார்கள். அது பயிற்சியாலும் வரும், மெதுவாக யோசிக்கும் பிள்ளையிடமும் கணிதத் திறமை இருக்கலாம்.