இன்சுலினை நிறுத்தச் சொல்கிறார் வைத்தியர், நிறுத்தலாமா?

கேள்வி: என் 9 வயது மகனுக்கு நான்கு மாதங்களுக்கு முன்பு டைப் 1 சர்க்கரை நோய் என்றார்கள். தினமும் நான்கு ஊசி. மனசு கேட்காமல் ஒரு வைத்தியரிடம் மூலிகைப் பொடி வாங்கிக் கொடுத்தோம். இரண்டே மாதத்தில் இன்சுலின் 20 யூனிட்டிலிருந்து 7 யூனிட்டாகக் குறைந்துவிட்டது. அடுத்த மாதம் ஊசியை அடியோடு நிறுத்திவிடலாம் என்கிறார். அப்போது வயிற்றுவலி, வாந்தி வந்தால் கழிவு வெளியேறுகிறது என்று அர்த்தமாம். ஊசி போடும் இடத்தில் சின்ன வீக்கம் இருக்கிறது. வளர்ச்சி குன்றுமா, சிறுநீரகம் கெடுமா, ஊசிக்கு அடிமையாகிவிடுவானா என்றும் பயமாக இருக்கிறது. நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தக் கூடாது. உங்கள் மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளை ஊசியைக்கூட விடாதீர்கள்.

வாந்தி பற்றி அந்த வைத்தியர் சொன்னதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. டைப் 1 உள்ள ஒரு குழந்தைக்கு இன்சுலின் நின்றால் வரக்கூடிய முக்கியமான ஆபத்து அறிகுறிகளே வயிற்றுவலியும் வாந்தியும்தான். இன்சுலின் இல்லாமல் உடம்பால் சர்க்கரையை எரிக்க முடியாது. கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும். அதிலிருந்து கீட்டோன் என்ற அமிலப் பொருள் ரத்தத்தில் சேரும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், அப்புறம் வயிற்றுவலி, வாந்தி. மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் மாறும், வாயில் பழ வாடை அடிக்கும், பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பான். இதற்குக் கீட்டோஅசிடோசிஸ் என்று பெயர். பல நாள் காத்திருக்கிற நோய் இல்லை இது. ஒரே நாளில்கூட முற்றி உயிரைப் பறிக்கும். ஒரு தாயைக் கூப்பிட்டு, அந்த அறிகுறி வந்தால் நல்லது, வீட்டிலேயே இருங்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதைவிடக் கொடுமை வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சரி, அளவு குறைந்தது எப்படி? பொடியால் இல்லை. டைப் 1 என்பது, உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்கி அழிக்கும் நோய். கண்டுபிடிக்கும் நேரத்தில் கொஞ்சம் செல்கள் மிச்சம் இருக்கும். ஊசி போட ஆரம்பித்ததும் அவற்றின் சுமை குறைந்து, மறுபடி ஓரளவு சுரக்கத் தொடங்கும். அதனால் பல குழந்தைகளுக்கு முதல் சில மாதங்களில் ஊசியின் தேவை நன்றாகவே குறையும். நாங்கள் இதைத் தேனிலவுக் காலம் என்போம். சிலருக்குச் சில வாரம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் நீடிக்கும். பிறகு முடிந்துவிடும். உங்கள் மகனுக்கு இந்த நல்ல காலத்தைத் தந்ததே நீங்கள் போட்ட இன்சுலின்தான். பெயர் மட்டும் பொடிக்குப் போய்விட்டது. பெற்றோர் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கண்ணெதிரே அளவு குறையும்போது யாருக்குத்தான் நம்பத் தோன்றாது? உங்களை நான் குறை சொல்லவில்லை.

இன்சுலின் வருவதற்கு முன்பு இந்த நோய் வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் ஓரிரு வருடங்களுக்குள் இறந்துபோனார்கள். அந்தக் காலத்திலும் மூலிகைகள் இருந்தன. 1922 ஜனவரியில் டொரோண்டோவில் சாகும் நிலையில் இருந்த லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் போட்டார்கள். அவன் அதன்பின் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். இன்றைய இன்சுலின் அதைவிட எவ்வளவோ தூய்மையானது. ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறவர்கள் படிக்கிறார்கள், விளையாடுகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், முதுமையையும் பார்க்கிறார்கள்.

மற்ற பயங்களைத் தள்ளிவிடுங்கள். வீக்கம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்துவதால் வருவது. இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். அடிமைத்தனம் என்று எதுவும் இல்லை, நம் எல்லோர் உடம்பிலும் சுரப்பதைத்தான் அவனுக்கு வெளியிலிருந்து கொடுக்கிறோம். வளர்ச்சியையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரை, இன்சுலின் இல்லை.

பொடியை இன்றே நிறுத்துங்கள். இப்படிப்பட்ட சில பொடிகளில் ஈயம், பாதரசம், ஏன், சர்க்கரை மாத்திரையையே அரைத்துக் கலந்ததைக்கூடப் பரிசோதனைகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். பொட்டலத்தைத் தூக்கி எறிய வேண்டாம். அடுத்த முறை உங்கள் மருத்துவரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள். திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள். அளவை மறுபடி எப்போது கூட்டுவது என்றும் அவரிடமே கேளுங்கள். சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டை ஒரு டப்பா வீட்டில் இருக்கட்டும். காய்ச்சல் வந்து பிள்ளை சாப்பிடாவிட்டாலும் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை நிறுத்திவிடக் கூடாது. எவ்வளவு போடுவது என்று போன் செய்து கேளுங்கள்.

வாந்தி எடுத்தால் உடனே சர்க்கரையும் கீட்டோனும் பாருங்கள். கீட்டோன் காட்டினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, மூச்சு மாறினாலோ, அது நள்ளிரவாக இருந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போய், "டைப் 1 குழந்தை, வாந்தி எடுக்கிறான்" என்று வாசலிலேயே சொல்லுங்கள்.