ஓட்டையை யார் அடைப்பது?

திறந்த மூல மென்பொருளின் கோட் எல்லோர் கண்ணிலும் படுகிறதே. திருடனும் பார்ப்பான்தானே சேர்?
*ஆசிரியை, தலவாக்கலை*

பார்ப்பான் டீச்சர். பார்க்க வேண்டியவர்கள் பார்க்கிறார்களா என்பதுதான் என் கவலை. 2014 ஏப்ரலில் அம்பலமான ஹார்ட்பிளீட் ஓட்டை, இணையத் தொடர்பைப் பூட்டிப் பாதுகாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற திறந்த மூல மென்பொருளின் கோடில் இரண்டு வருடத்துக்கு மேல் எல்லோர் கண்முன்னும் கிடந்தது. ‘நான் அனுப்பியதை அப்படியே திருப்பி அனுப்பு’ என்று சேர்வரிடம் கேட்கும் ஒரு சின்ன வசதியில்தான் ஓட்டை. ஓர் எழுத்தை அனுப்பிவிட்டு 64 ஆயிரம் அனுப்பினேன் என்று பொய் சொன்னால், சேர்வர் எண்ணிப் பார்க்காமல் தன் நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததையும் சேர்த்து அள்ளிக் கொடுத்துவிடும். அதில் யாருடைய பாஸ்வேர்டும் இருக்கலாம். பாதி உலகம் நம்பியிருந்த அந்த மென்பொருளைப் பராமரித்தவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். ஆனால் விஷயம் வெளியான அன்றே திருத்திய பதிப்பும் வந்துவிட்டது.

2024 மார்ச்சில், ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற திறந்த மூல மென்பொருளின் கதை. ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் உதவி செய்து நல்ல பெயர் வாங்கி, கடைசியில் கள்ளக் கதவு ஒன்றைச் செருகிவிட்டார். பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ரோயிண்ட். தன் கொம்பியூட்டரில் வேறு கொம்பியூட்டரிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் லொகின் அரை விநாடி கூடுதலாக இழுக்கிறதே என்று துருவிப் பார்த்தார். கோட் திறந்திருந்ததால் அடி வரை போக முடிந்தது. அவர் வேலை செய்தது மூடிய மென்பொருளுக்குப் பேர்போன மைக்ரோசொஃப்டில் என்பது தனி வேடிக்கை.

கடையில் இரண்டு கொம்பியூட்டர். டேட்டா சீக்கிரம் முடிகிறது என்று விண்டோஸ் போட்டுத் தந்த பையன் அப்டேட்டை நிறுத்திவிட்டான். பரவாயில்லையா?
*கொமியூனிகேஷன் கடைக்காரர், மஸ்கெலியா*

பரவாயில்லை என்று எப்படி அண்ணே சொல்வது? ஃபைல்களைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் வான்னாகிரை வைரஸ் உலகத்தை ஆட்டியது 2017 மே 12இல். அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசொஃப்ட் மார்ச் 14ஆம் திகதியே திருத்தம் கொடுத்திருந்தது. நடுவில் இரண்டு மாதம் இருந்தும் போடாதவர்கள்தான் மாட்டினார்கள், பிரிட்டன் ஆஸ்பத்திரிகள்கூட. கம்பெனியைத் திட்டுவதற்கு வேறு காரணங்கள் உண்டு, இதற்கு இல்லை.

உங்கள் கடைக்கு எத்தனை பேரின் பென் டிரைவ் வந்து போகிறது? என்னிடம் ஒரு பிள்ளை கொண்டுவந்ததைத் திறந்தால் ஃபோல்டர் எல்லாம் ஷோர்ட்கட்டாக நிற்கிறது. பிரிண்ட் எடுத்த இடத்தில் வைரஸ் தொற்றியதாம். இரவு டேட்டா மிச்சமிருந்தால் அப்போது அப்டேட்டை ஓட விடுங்கள். களவு விண்டோஸாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

ஆவணம் தட்டச்சு செய்யும் லிப்ரேஓபிஸ் மென்பொருளில் தமிழ் எழுத்து உடைகிறது என்று முறைப்பாடு போட்டு ஆறு மாதம். பதிலே இல்லை. இலவசம் என்றால் இப்படித்தானா?
*மாணவர், பதுளை*

தம்பி, அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைலா, எல்லாக் கொம்பியூட்டருக்கும் பொதுவான யூனிகோட் முறையில் அடித்ததா? பாமினி என்றால் கோளாறு லிப்ரேஓபிஸில் இருக்காது. அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் எங்கே திறந்தாலும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும்.

யூனிகோட் என்றால் உடைகிற ஒரே வரியை மட்டும் தனி ஃபைலாக்கி, பதிப்பு எண்ணோடு அதே முறைப்பாட்டின் கீழ் இணையுங்கள். ‘தமிழ் சரியில்லை’ என்று மட்டும் எழுதினால், தமிழ் தெரியாத புரோகிராமர் எதைப் பார்ப்பார்? தாமதம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே உங்கள் முறைப்பாடு எந்த நிலையில் நிற்கிறது என்று எவரும் பார்க்கலாம். மூடிய மென்பொருளுக்கு நான் அனுப்பியவை அநேகமாகக் கிணற்றில் போட்ட கல்தான்.

விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாமே, லினக்ஸுக்கு மாறவா?
*நானுஓயா வாசகர்*

வழமையான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. மெஷின் விண்டோஸ் 11ஐ ஏற்காது என்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸ் வகையான லினக்ஸ் மின்ட் நல்ல வழி. அவசரப்பட்டு அழித்துவிட வேண்டாம். பென் டிரைவில் போட்டு அதிலிருந்தே ஓட்டலாம். வைஃபை பிடிக்கிறதா பாருங்கள், அப்புறம் உங்கள் பழைய பிரிண்டரில் ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். அநேகமாக அங்கேதான் மல்லுக்கட்ட வேண்டி வரும்.