மாமாவின் பென்சில் கோடுகள்

அன்புள்ள ஐயா,

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் தன்வரலாற்றைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அம்மா அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், அண்டி தல்லி (கொட்டையைத் தட்டி உடைத்து) மகளைப் படிக்கவைத்த கதை. உடனே வாங்கிப் படித்தேன். அதில் எடையில் கள்ளம் செய்யும் மேஸ்திரி ஒருவர் வருகிறார். பெயர் இல்லை. ஆனால் அது என் அம்மாவின் அப்பா என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் வராது. மாமா கொதித்துப்போயிருக்கிறார். "எங்க அப்பா ஒருத்தருக்க கூலியிலயும் கைவெச்சது கெடையாது. எத்தன பொண்ணுவளுக்க கல்யாணத்துக்கு ரூவா குடுத்திருக்காரு!" என்கிறார். புத்தகம் முழுக்கப் பென்சிலால் கோடு போட்டுவைத்துக்கொண்டு, திரும்பப் பெறச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் விடுவேன் என்று நிற்கிறார். நான் அதைப் படித்து அழுதவள். பாட்டாவின் மடியில் வளர்ந்தவளும்கூட. இந்தப் புத்தகத்தை நான் எப்படித்தான் வாசிப்பது?

ஆர்.,
கருங்கல்

அன்புள்ள ஆர்.,

முதலில் மாமாவின் பென்சிலைப் பற்றி. அந்தப் புத்தகத்துக்கு இதுவரை கிடைத்தவர்களில் நல்ல வாசகர் அவர்தான் என்று நினைக்கிறேன். நாகர்கோவிலில் நடந்த வெளியீட்டுக் கூட்டத்தில் பேசிய அத்தனைபேருக்கும் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு எந்தப் பக்கத்தைப் படித்தார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. பிறர் பட்ட கஷ்டத்துக்கு அழுதுவிட்டு எழுந்துபோவது சுலபம், அதில் நமக்குச் செலவு ஒன்றுமில்லை. உங்கள் மாமா வரிவரியாகப் படித்திருக்கிறார். அவருக்கு அதில் இழக்க ஏதோ இருக்கிறது.

ஆசிரியையிடம் பேசினேன். தினமும் அழைப்புகள் வருகின்றனவாம். வெளியூர்க்காரர்கள் தங்கள் அம்மாவின் கதையைச் சொல்கிறார்கள். பீடி சுற்றிய அம்மா, கயிறு திரித்த அம்மா. உள்ளூர்க்காரர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: "டீச்சர், அது எந்த வீடு?" நம் ஊரில் பெயரை மறைத்து என்ன பயன்? வீடு இருக்கும் விளையின் (தோப்பின்) பெயரைச் சொன்னால் போதும், ஆள் யார், அவர் மகளை எங்கே கட்டிக்கொடுத்தார்கள் என்பதுவரை வந்துவிடும். இந்த வம்புக் கேள்வியை நான் மட்டமாக நினைக்கவில்லை. தன்வரலாறு நாவல் இல்லை என்பதை அவர்கள்தான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

இனி தராசுக்கு வருவோம். வறுத்த அண்டியைக் கட்டையால் தட்டி, பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். எடுத்த பருப்பின் எடைக்குத்தான் கூலி, உடைந்ததற்கு மதிப்புக் குறைவு. அண்டித் தோட்டின் எண்ணெய் விரலைப் பொள்ளிக் கறுப்பாக்கிவிடும், அதற்குச் சாம்பலைத் தடவிக்கொள்வார்கள். புத்தகத்தில் அந்த அம்மா மகளின் வெள்ளைச் சட்டையை மடிப்பதே இல்லை, கறை ஒட்டிவிடும் என்று மகளைத்தான் மடிக்கச் சொல்வார். அதை எழுத அந்த வீட்டில் வளர்ந்திருக்க வேண்டும். ஆனால் மேஸ்திரி எந்த வாரம் எவ்வளவு குறைத்தார் என்று வரும் கணக்கு அப்படிப்பட்டதல்ல. அப்போது ஆசிரியைக்கு ஒன்பது வயது. அது அம்மா சொல்லிக் கேட்டதாக இருக்க வேண்டும். 'அம்மா சொன்னார்' என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். அந்த இடத்தில் மாமா கோடு போட்டிருந்தால் அது சரியான கோடு.

கேட்டதும் கண்டதும் கலந்துபோவது நம் குமரி மாவட்டத்துக்குப் புதிதல்ல. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச்சூடு நடந்தது. என் சிறுவயதில் பார்த்த கிழவர்களில் பாதிப்பேர் அன்று புதுக்கடையில் நின்றவர்கள். அத்தனைபேரும் நின்றிருந்தால் அந்தச் சந்தி கொள்ளாது! அவர்கள் புளுகினார்கள் என்று சொல்லமாட்டேன். அண்ணன் வந்து சொன்னதைப் பலமுறை திருப்பிச் சொல்லி, கடைசியில் அண்ணனின் இடத்தில் தானே நிற்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்காகத் துப்பாக்கிச்சூடு நடக்கவில்லை என்றாகிவிடாது.

மாமா சொல்லும் கல்யாண ரூபாய்க்கும் ஆசிரியை சொல்லும் எடைக் குறைவுக்கும் தொடர்பு இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆப்பிரிக்காவிலிருந்து தோட்டண்டி (உடைக்காத கொட்டை) வராத மாதங்களில் வேலை இருக்காது, கூலியும் இருக்காது. அப்போது முன்பணம் வாங்கித்தான் ஓட்ட வேண்டும். வேலை தொடங்கியதும் அது கூலியில் பிடிக்கப்படும். கொடுத்த வீட்டில் அது உதவியாக நினைவிருக்கும். வாரக்கடைசியில் குறைந்த காசோடு வீட்டுக்கு வந்தவளுக்கு அது வேறாகத்தான் நினைவிருக்கும். பாட்டா கொடுத்தது அவருடைய சொந்தப் பணமா, முதலாளியின் முன்பணமா? அதை மாமாவிடம் கேளுங்கள். பற்று நோட்டு ஏதாவது பரணில் கிடக்கிறதா என்றும் பாருங்கள். சொந்தப் பணம்தான் என்றால், நான் சொன்ன இந்தப் பத்தியை அடித்துவிடலாம்.

வக்கீல் நோட்டீஸ் வேண்டாம். காந்தி தன் வரலாற்றை 1925 முதல் வாராவாரம் தன் பத்திரிகையில் எழுதினார். ராஜ்கோட்டில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பாதிரிமார் நின்று இந்துக்களையும் அவர்களின் தெய்வங்களையும் இழிவாகப் பேசியதைத் தான் சிறுவனாகக் கேட்டதாக ஓர் அத்தியாயத்தில் வருகிறது. அந்த ஆண்டுகளில் ராஜ்கோட்டில் இருந்த ஒரே பாதிரியார் நான்தான், அப்படி நான் பேசியதே இல்லை என்று ஸ்காட் என்பவர் எழுதினார். காந்தி 1926-ல் அந்த மறுப்பைத் தன் பத்திரிகையில் வெளியிட்டார். ஆனாலும் தன் நினைவு தெளிவானது என்றார். நூலில் அந்தப் பத்தி இன்றும் இருக்கிறது. பத்திரிகையில் வந்த பாதிரியாரின் மறுப்பும் இருக்கிறது. இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தால் நமக்குத்தான் நஷ்டம்.

நீங்கள் எப்படி வாசிப்பது என்று கேட்டீர்கள். மடியில் வளர்ந்தவளாகவே வாசியுங்கள். பாட்டாவை உங்களுக்குப் பேத்தியாகத் தெரியும், அவருடைய தராசுக்கு முன்னால் நீங்கள் கூடையோடு நின்றது கிடையாது. அந்தக் கூடத்தில் அவர் எப்படி இருந்தார் என்பதை அங்கே வேலைபார்த்தவர்கள்தான் சொல்ல முடியும். ஊரில் இன்னும் இரண்டு மூன்று கிழவிகளாவது இருப்பார்கள், மாமாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். மாமா வர மறுத்தால் தனியாகப் போங்கள்.

மாமாவை எழுதச் சொல்லுங்கள். பென்சில் கோடு போட்ட பக்க எண்ணும், அதற்குத் தன் பதிலும். எவ்வளவு நீளமாக இருந்தாலும் இங்கே வெளியிடுகிறேன். எழுத்துப்பிழை தவிர எதிலும் கைவைக்க மாட்டேன். திட்டியிருந்தால் திட்டும் இருக்கும். ஆசிரியையிடம் சொல்லிவிட்டேன், அவருக்கும் சம்மதம்தான். "அவரு எழுதட்டு, நானும் வாசிக்கணும்" என்றார்.

அன்புடன்