போனில் நோயாளியிடம் பேசும்போது: கேள்வி பதில்

குமரி மாவட்டத்தில் போன்வழி ஆலோசனை தரும் இளம் டாக்டர்களும் செவிலியர்களும் கேட்டவை. பதில்: மூத்த பொதுமருத்துவர் ஒருவர்.

தக்கலை, டாக்டர்: போனை எடுத்ததும் முதலில் எதைக் கேட்கணும் சார்?

பெயர், வயசு, இப்போது இருக்கும் இடம், வீட்டில் இன்னொரு நம்பர். நோயை அதற்குப் பிறகு கேளுங்க. பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்திலிருந்து பேசுகிறவருக்குப் பாதியில் சிக்னல் போனால், 108-ஐ எங்கே அனுப்புவீங்க? வீட்டார் பேசினாலும் நோயாளி ஒரு வாக்கியமாவது பேசட்டும். நடுவில் மூச்சு வாங்கினால் காதுக்கே தெரிந்துவிடும்.

குலசேகரம், செவிலியர்: "பிள்ளைக்கு இழுப்பு"ன்னு சொன்னா வீசிங்னு எடுத்துக்கலாமா?

கூடாதும்மா. வலிப்பையும் இழுப்பு என்பார்கள். "கை கால் வெட்டுதா, மூச்சில் விசில் மாதிரி சத்தம் கேட்குதா?" என்று பிரித்துக் கேளுங்க. "கிறக்கம்" என்றாலும் அப்படித்தான்: வீடு சுற்றுதா, கண் இருட்டுதா? இரண்டுக்கும் காரணம் வேறு.

மூச்சுத்திணறல் என்றால் எண்ணியே ஆகணும். பிள்ளை அழாமல் இருக்கும்போது அம்மா சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு எழும்பும் ஒவ்வொரு தடவையும் "ஆங்" என்று சொல்லட்டும். நீங்க கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிஷம் எண்ணுங்க. 2 மாதத்துக்குள் 60, ஒரு வயசுக்குள் 50, 5 வயசுக்குள் 40. இந்த அளவைத் தொட்டாலே நேரில் பார்க்கணும்.

குளச்சல், டாக்டர்: காய்ச்சல் சிரப் அளவில் தப்பு எங்கே வருது?

பாட்டிலில். பாரசிட்டமால் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதும் இருக்கு, 250 உள்ளதும் இருக்கு. 10 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம்; முதல் பாட்டிலில் சுமார் 6 மில்லி, இரண்டாவதில் 3. சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 இருக்கும், அதை ஸ்பூன் கணக்கில் கொடுத்தால் ஆபத்து. அதனால் லேபிளை எடுத்து வாசிக்கச் சொல்லுங்க. அளவு மூடியில்தான் ஊற்றணும், வீட்டு ஸ்பூன் வேண்டாம்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் "ம்" என்றுதான் சொல்வார்கள். "நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும், எத்தனை மில்லி, எப்போ குடுப்பீங்க, சொல்லுங்கம்மா" என்று கேளுங்க. தப்பு அங்கேதான் வெளியே வரும்.

நாகர்கோவில், செவிலியர்: நெஞ்சுவலிக்காரர் "நாளைக்கு வாறேன்"ன்னா?

ஏன் நாளைக்கு என்று கேளுங்க. கூட வர ஆளில்லை, வண்டியில்லை என்பதாக இருக்கும். வியர்வையோடு நெஞ்சு அடைத்தாலோ, வாய் கோணிப் பேச்சு குழறினாலோ 108-தான். அவரை உட்காரவைத்து, கதவைத் திறந்துவைக்கச் சொல்லி, வண்டி வந்து சேரும்வரை லைனிலேயே இருங்க.